படுக்கையருகே தொடங்கும் சட்டம்

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் மாநில நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்ற பெயரில் இயங்கும் பெரிய நிறுவனமும், கடலூர்க் கடைவீதியில் ஒற்றை அறையில் இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு சொல்லும் பரிசோதனைக் கூடமும், காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊரில் மாட்டுக்கு ஊசி போடும் கால்நடை மருந்தகமும், ஊராட்சிப் பள்ளியின் முதலுதவி அறையும் ஒரு விஷயத்தில் ஒரே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவை. இவை வெளியேற்றும் குப்பையில் ஒரு பகுதி உயிரி மருத்துவக் கழிவு எனப்படும் தனி வகையைச் சேர்ந்தது. அதாவது, மனிதருக்கோ விலங்குக்கோ நோயைக் கண்டறியும்போதும், மருத்துவம் செய்யும்போதும், தடுப்பூசி போடும்போதும், அவை சார்ந்த ஆய்வுகளின்போதும் உண்டாகும் கழிவு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 மார்ச் 28 அன்று அறிவித்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், அளவு சிறியது என்பதற்காக எவரையும் விட்டுவிடவில்லை. திருமண மண்டபத்தில் ஒரு பகல் மட்டும் நடக்கும் இரத்த தான முகாமும் அவற்றுக்குள் அடங்கும். கதிரியக்கக் கழிவு மட்டும் அணுசக்திச் சட்டத்தின் கீழ் தனியே கையாளப்படுகிறது.

இவ்விதிகளை மாநில அரசின் விதிகள் என்றே பலரும் கருதுகிறார்கள். அனுமதி தருவதும், சோதனைக்கு வருவதும், நோட்டீஸ் அனுப்புவதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்பதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் இயற்றிய 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமே இவ்விதிகளுக்கு வேர். எழுதுவது தில்லி, நடைமுறைப்படுத்துவது 1982இல் அமைக்கப்பட்ட மாநில வாரியமும் கடலூரிலுள்ள அதன் மாவட்ட அலுவலகமும். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1987, 1988 ஆண்டுகளின் கோடையில் நியூயார்க், நியூ ஜெர்சி கடற்கரைகளில் சிரிஞ்சுகளும் இரத்தக் குப்பிகளும் ஒதுங்கி, கடற்கரைகள் மூடப்பட்டு, சுற்றுலா வருவாய் சரிந்தபோது, அந்நாட்டு நாடாளுமன்றம் மருத்துவக் கழிவின் போக்கைத் தடம்பிடிக்க 1988இல் ஒரு சட்டம் இயற்றியது. நான்கு மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் இரண்டாண்டுச் சோதனையாக நடந்த அது 1991இல் காலாவதியானதும் பொறுப்பு மாநிலங்களிடம் சென்று, இன்று ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. இந்தியாவில் விதி ஒன்றே என்பதால் குழப்பம் குறைவு. அதே நேரத்தில், விதி எழுதியவர்கள் கடலூரின் மண்ணையும் நீரையும் மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று சொல்லவும் முடியாது. 1998இலிருந்து இன்றுவரை அந்த விதி மாறிவந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

தில்லியின் குப்பை தொடர்பாக பி.எல். வதேரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 மார்ச்சில், 50 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகள் எரிஉலை அமைக்க வேண்டும் என உத்தரவிட்டது. அதன் பின் 1998 ஜூலை 20 அன்று வெளிவந்த முதல் விதிகள் மருத்துவக் கழிவைப் பத்து வகைகளாகப் பிரித்து, உடல் உறுப்புகளையும் திசுக்களையும் எரிக்க வேண்டும் என்றன. ஆனால் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நகரங்களிலும் கிராமப்புறங்களிலும் எரிப்பதற்குப் பதிலாக ஆழப் புதைக்கலாம் என்று சலுகை தந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூரில் வசித்தோர் சுமார் 1.73 லட்சம் பேர், சிதம்பரத்தில் சுமார் 62 ஆயிரம் பேர். ஆகவே, தலைக்கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டு ஊர்களும் புதைக்கத் தகுதி பெற்ற ஊர்களாயின.

புதைகுழிக்கு அதே விதிகள் வகுத்த அளவுகளைப் படித்தால் அந்தத் தகுதி எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். குழி 2 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பாதிவரை கழிவு நிரம்பியதும், மேல்மட்டத்துக்கு 50 சென்டிமீட்டர் கீழ்வரை சுண்ணாம்பு போட்டு, மீதியை மண்ணால் மூட வேண்டும். ஒவ்வொரு முறை கழிவு கொட்டும்போதும் 10 சென்டிமீட்டர் மண் பரப்ப வேண்டும். நாயும் பன்றியும் தோண்டாதபடி இரும்புத் தகடோ கம்பிவலையோ போட வேண்டும். இவை செய்யக் கூடியவை. அருகில் ஆழமில்லாத கிணறு இருக்கக் கூடாது, நீர் எளிதில் இறங்காத மண்ணாக இருக்க வேண்டும், வெள்ளம் புகும் இடமாகவோ மண் அரிக்கும் இடமாகவோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளில்தான் கடலூர்க் கரையோரம் தோற்றுப்போகிறது. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரில் கடலோடு சேர்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் சேர்கிறது. கொள்ளிடம் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் சேர்கிறது. இவற்றுக்கிடையே உப்பனாறு கரைக்கு இணையாக ஓடுகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இன் தானே புயல், 2015 நவம்பர் பெருமழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டது என இருபது ஆண்டுக் கணக்கை எடுத்தாலே, வெள்ளம் புகாத இடம் என்று தைரியமாகக் கையெழுத்திட்டுத் தரக்கூடிய தாழ்நிலம் இங்கே அதிகமில்லை.

2016 விதிகள் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கின. குழியின் அடித்தளத்துக்குக் கீழே குறைந்தது 6 மீட்டர் தள்ளியே நிலத்தடி நீர்மட்டம் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. குழியின் 2 மீட்டரையும் கூட்டினால் தரையிலிருந்து 8 மீட்டருக்குள் எந்தப் பருவத்திலும் நீர் தட்டுப்படக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் கொல்லைக் கிணற்றில் கைநீட்டி வாளியால் நீர் முகக்கும் கொள்ளிடக் கரை ஊர்களில் இதற்கு வழியில்லை. விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மேட்டுநிலம் வேறு கதை. அதோடு, மக்கள்தொகையை வைத்துத் தரப்பட்ட சலுகையும் போயிற்று. பல மருத்துவமனைகளின் கழிவைச் சேர்த்து வாங்கிச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை எட்டாத கிராமப்புறங்களும் ஒதுக்குப்புறங்களும் மட்டுமே, அதுவும் முன் அனுமதி பெற்று, புதைக்கலாம். தலைகளை எண்ணி எழுதப்பட்ட விதி நிலத்தைப் பார்த்து எழுதப்பட்ட விதியாக மாறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

இந்த மாவட்டத்தில் ஊசிமுனை நீரோடு போனால் அது யாரைத் தீண்டும் என்பதை யோசிக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர்கள், முட்டளவு, இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றையும் வேர்களின் இடுக்கையும் வெறுங்கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே அந்தக் காடு இருப்பதால், மேலே எங்கேனும் ஆற்றங்கரையில் கொட்டப்படுவது மழைக்காலத்தில் வந்து தங்கக் கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. விதிகள் ஊசிமுனைக்குத் தனி நிறம் ஒதுக்கியிருப்பதன் பொருளை, சேற்றுக்குள் துழாவும் அந்தக் கைகளை வைத்துப் பார்ப்பதே சரி.

பத்து வகைகளாக இருந்த பழைய பிரிவினையை 2016 விதிகள் நான்கு நிறங்களாகச் சுருக்கின. நோயாளி ஒருவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றி முடித்துக் கழற்றும் ஐந்து நிமிடங்களில் இந்த நான்கு நிறங்களும் வேலைக்கு வந்துவிடுகின்றன. கையிலிருந்து உருவிய ஊசி, துளைபடாத, கசியாத, மூடினால் திறக்க முடியாத வெள்ளைக் கலத்துக்குப் போக வேண்டும். சிரிஞ்சாக இருந்தால், செவிலியர் அதை ஊசி வெட்டும் கருவிக்குள் நுழைத்து முனையைத் துண்டித்துவிட்டு, பிளாஸ்டிக் உடலைச் சிவப்புப் பையில் போட வேண்டும். ட்ரிப்ஸ் குழாய், பாட்டில், கையுறை, சிறுநீர்ப் பை ஆகிய பிளாஸ்டிக் பொருள்களும் சிவப்புக்கே. இரத்தம் துடைத்த பஞ்சு, கட்டுத்துணி, வெட்டியெடுத்த திசு, காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சள் பைக்கு. மருந்து இருந்த கண்ணாடிக் குப்பியும் உடைத்த ஆம்பியூலும், உடலிலிருந்து எடுத்த உலோகத் தகடும் திருகும் நீலக் குறியிட்ட பெட்டிக்கு. புற்றுநோய்க்குத் தரப்படும் உயிரணுக்கொல்லி மருந்தின் குப்பி மட்டும் நீலத்துக்குப் போகாமல், தனி அடையாளச் சீட்டோடு மஞ்சளுக்குத் திரும்புகிறது. சிரிஞ்சு வந்த காகித உறையும், நோயாளிக்குத் துணையிருப்பவர் இட்லி கட்டிவந்த இலையும் இந்த நான்கிலும் சேராமல் சாதாரணக் குப்பைக் கூடைக்குப் போக வேண்டும். ஆக, ஒரே படுக்கையில், ஒரே வேலையில், ஐந்து முடிவுகள். அவற்றை எடுப்பவர் பெரும்பாலும் இரவுப் பணியில் பல படுக்கைகளை ஒருவராகப் பார்க்கும் செவிலியர்.

இந்த இடத்தில்தான் சட்டம் ஜெயிப்பதும் தோற்பதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவமனைக் குப்பையில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பை போன்ற சாதாரணக் குப்பையே; தொற்றோ நச்சோ உள்ள அபாயக் கழிவு சுமார் 15 விழுக்காடு. ஆனால் இரத்தப் பஞ்சு ஒன்று இலைக்குப்பைக்குள் விழுந்துவிட்டால் அந்தக் கூடை முழுவதும் அபாயக் கழிவாகிவிடுகிறது. இட்லி இலை மஞ்சள் பைக்குள் விழுந்தாலோ, ஈரமான உணவை எரிக்க உலை வீணாக எண்ணெய் குடிக்கிறது. கலந்துபோனதைப் பின்னால் பிரிக்கலாமே என்று தோன்றும். பிரிப்பதென்றால் யாரோ ஒருவர் கையை உள்ளே விட வேண்டும். ஆகவே கழிவு உண்டான இடத்திலேயே பிரிக்க வேண்டும், பிறகு எந்த நிலையிலும் கலக்கக் கூடாது என்று விதிகள் கண்டிப்பாகச் சொல்கின்றன.

கையை உள்ளே விடுபவர் தூய்மைப் பணியாளர். நோயாளி ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி கிருமி தொற்ற 30 விழுக்காடு வரையும், ஹெபடைடிஸ் சி தொற்ற சுமார் 3 விழுக்காடும், எச்.ஐ.வி. தொற்ற சுமார் 0.3 விழுக்காடும் வாய்ப்பு உண்டு என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் அளிக்க வேண்டும் என்பது விதி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியோ மூன்று தவணை. முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் இடையே ஆறு மாதங்கள் ஓட வேண்டும். ஒப்பந்த முறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வேலையில், முதல் ஊசி போட்டுக்கொண்டவர் மூன்றாவது ஊசிக்கு அங்கே இருப்பாரா என்ற எளிய கேள்வியைச் சோதனைக்கு வரும் அதிகாரி கேட்பது நல்லது. பைகளின் நிறத்தைப் பார்ப்பதைவிட அந்தப் பதிவேட்டைப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

பிரித்த கழிவு வாசலைத் தாண்டியதும் வேறொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உடல் உறுப்பு, இரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற அழுகக் கூடியவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; ஒவ்வொரு பையிலும் பட்டைக்குறியீடு ஒட்டி, எடை பார்த்து, எந்தப் படுக்கைப் பிரிவிலிருந்து புறப்பட்டது எந்த நாளில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தேடினால் தெரியும்படி வைக்க வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனை தனக்கென எரிஉலை வைத்துக்கொள்ளக் கூடாது. வார்டுக்குப் பின்னால் புகை கக்கிக்கொண்டிருந்த சிறு உலைகள் ஓய்ந்தது இதனால்தான். அந்த வகையில் இது நல்ல விதி.

கடற்கரை மாவட்டத்துக்கு அந்த 75 கிலோமீட்டர் ஒரு விநோதக் கணக்கைக் கொண்டுவருகிறது. நிலத்தின் நடுவிலுள்ள ஊரைச் சுற்றி அத்தனை தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு சுமார் 17,700 சதுர கிலோமீட்டர். கடலூரைச் சுற்றிப் போட்டால் அதில் ஏறத்தாழப் பாதி வங்கக் கடல். சிதம்பரம் கரையிலிருந்து சற்று உள்ளே இருப்பதால் கடல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மீதியுள்ள நிலத்திலும் ஒரு துண்டு புதுச்சேரி ஒன்றியப் பகுதி: கடலூர் வட்டத்துக்குள் புதுச்சேரி நகரமும், சிதம்பரம் வட்டத்துக்குள் காரைக்காலும் விழுகின்றன, அங்கே அதிகாரம் தமிழ்நாட்டு வாரியத்துக்கு இல்லை, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு. நிலையம் இலாபமாக நடக்கப் போதுமான படுக்கைகள் வேண்டும் என்பதால், 75 கிலோமீட்டருக்குள் 10,000 படுக்கைகள் தேறாவிட்டால் 150 கிலோமீட்டர் வரை போகலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் தளர்த்துகிறது. தூரம் இரட்டிப்பானாலும் 48 மணி நேரம் 48 மணி நேரம்தான். இருபது வீடு உள்ள தெருவில் மாடியில் இயங்கும் கிளினிக்கின் அரைக் கிலோ பைக்காக வண்டி தினமும் வருமா என்பதே இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி. கட்டணத்தைப் படுக்கைக் கணக்கில் வாங்கும் வழக்கம் பரவலாக உண்டு. எடைக் கணக்கில் வாங்கினால் கழிவைக் குறைக்கத் தூண்டுதல் கிடைக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள், ஆனால் எடைக்குக் காசு என்றால் பையை நகராட்சிக் குப்பையில் நழுவவிடும் ஆசையும் கூடவே வரும். இரண்டில் படுக்கைக் கணக்கே ஆபத்துக் குறைந்தது.

நிலையத்துக்குள் மஞ்சள் பை எரிஉலைக்குப் போகிறது. முதல் அறையில் சுமார் 800 பாகை செல்சியஸில் கழிவு எரிய, அதிலிருந்து எழும் வாயு இரண்டாம் அறையில் சுமார் 1,050 பாகையில் குறைந்தது இரண்டு நொடி தங்கியிருந்து மீண்டும் எரிய வேண்டும். புகைபோக்கி 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. இத்தனை கறாருக்குக் காரணம் டையாக்சின் என்ற நச்சு. குளோரின் கலந்த பிளாஸ்டிக், குறிப்பாக பி.வி.சி., அரைகுறை வெப்பத்தில் எரியும்போது உண்டாகி, கொழுப்பில் தங்கி, பாலிலும் மீனிலும் ஏறிப் பல்லாண்டு நிற்கும் தன்மை கொண்டது அது. 2016 விதிகள் அதற்கு ஒரு கனமீட்டர் வாயுவில் 0.1 நானோகிராம் என்ற உச்சவரம்பை விதித்ததோடு, குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையே படிப்படியாக விலக்கச் சொல்லின. 2018 திருத்தம் அதற்கு 2019 மார்ச் 27 என்று கெடு வைத்தது, இரத்தப் பைக்கு மட்டும் விலக்குத் தந்தது. சிவப்புப் பையை ஏன் எரிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே விடை. 2009 முதல் பி.வி.சி. தயாரிக்கும் பேராலை ஒன்று இயங்குவதும், அதே 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீட்டில் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றதுமான கடலூரில், காற்றில் இன்னொரு நச்சைச் சேர்க்க இடமில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சிவப்புப் பையும் வெள்ளைக் கலமும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில், 121 பாகைக்குக் குறையாத சூட்டில், ஒரு மணி நேரம் அவிக்கப்படுகின்றன. அவித்தது போதுமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: கடும் வெப்பத்தையும் தாங்கும் ஜியோபசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியை வாரம் ஒருமுறை உள்ளே வைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவே செத்திருந்தால் மற்றவை பிழைத்திருக்காது.

அவித்ததோடு விடாமல் துண்டுதுண்டாக்கவும் வேண்டும் என்று விதி வற்புறுத்துவது கிருமிக்கு அஞ்சி அல்ல, காயலான் கடைக்கு அஞ்சி. முழுதாக இருக்கும் சிரிஞ்சுக்கும் ட்ரிப்ஸ் பாட்டிலுக்கும் சந்தையில் விலை உண்டு. கழுவி, உறையிட்டு, புதியதாக விற்கலாம். குஜராத்தின் மொடாசாவில் 2009இல் ஹெபடைடிஸ் பி கொள்ளைநோயாகப் பரவிப் பலர் இறந்தபோது, ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளும் சிரிஞ்சுகளும் மறுபடி நோயாளிகளுக்குப் போடப்பட்டதே காரணம் என்று தெரியவந்தது. ஊசி வெட்டும் கருவி செவிலியரின் மேசைமீதே இருக்க வேண்டும் என்பதன் நியாயம் அங்கே இருக்கிறது. வெட்டப்பட்ட சிரிஞ்சை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர் மாவட்டத்தில் கொரோனாத் தொற்று திடீரெனப் பெருகி, அண்ணாமலை நகர் மருத்துவமனை கொரோனாச் சிகிச்சை மையமானபோது இவ்வளவு ஏற்பாடும் சோதனைக்குள்ளாயிற்று. கழிவை இரட்டை மஞ்சள் பையில் கட்டி, தனி அடையாளமிட்டு, தனியே எடுக்க வேண்டும் என்று மத்திய வாரியம் உத்தரவிட்டது. முகக்கவசமும் கையுறையும் மருத்துவமனைச் சுவரைத் தாண்டி ஒவ்வொரு வீட்டுக் குப்பையிலும் விழத் தொடங்கியதால், பொதுமக்கள் பயன்படுத்தியவற்றை வெட்டி, காகித உறையில் 72 மணி நேரம் வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும் என்ற அறிவுரையும் வந்தது. கிருமி தானாகச் சாகும்வரை காத்திருப்பது என்ற இந்த எளிய உத்தி, எந்த உலையும் எட்டாத வீட்டுக்குள் விதியைக் கொண்டுபோன ஒரு முயற்சி எனலாம்.

தண்டனைப் பக்கம் அண்மையில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. இரண்டும் எதிரெதிர்த் திசையில். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதிமீறலுக்கு ஐந்தாண்டுவரை சிறை என்றிருந்ததை, நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கி, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றியது. அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதே ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணையிட்டதன் பேரில் கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். கேரளத்தில் பல ஆண்டுகள் பாலக்காட்டில் இந்திய மருத்துவச் சங்கம் நடத்திய ஒரு நிலையமே மாநிலத்தின் பெரும்பகுதிச் சுமையைத் தாங்கிவந்தது என்ற பின்னணி இங்கே மறக்கத்தக்கதன்று. சுத்திகரிக்கும் இடம் தொலைவிலும் எல்லை பக்கத்திலும் இருந்தால் லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரிந்ததே. இதையடுத்துத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில், பொதுவாகக் குண்டர் தடுப்புச் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில், மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் சேர்த்தது. விசாரணையின்றி ஓராண்டுவரை காவலில் வைக்க இடமளிக்கும் சட்டம் அது. இந்த ஒன்றே உண்மையில் மாநிலத்தின் சொந்த விதி. எல்லையோர லாரிக்கு அது பயன்படலாம். ஆனால் அதில் சிக்கக் கூடியவர் பெரும்பாலும் வண்டி ஓட்டியவரும் தரகரும்தான். கழிவைப் பிரிக்காமல் ஒரே பையில் கட்டி, கேட்ட விலைக்கு யாரிடமோ தள்ளிவிட்ட நிறுவனத்துக்கு அபராதம், வண்டி ஓட்டியவருக்குத் தடுப்புக் காவல் என்ற இந்த ஏறுமாறு நியாயமாகப் படவில்லை.

இதற்கிடையே மருத்துவமனையே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை நோயாளி காலையும் மாலையும் தானே போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியும், விரலில் குத்தும் சிறு முள்ளும், சொட்டு இரத்தம் பட்ட பரிசோதனைப் பட்டையும் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் வருவதில்லை. அதே ஆண்டில் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவற்றை வீட்டு அபாயக் கழிவு என்ற பெயரில் உள்ளாட்சியின் பொறுப்பில் விட்டன. நடைமுறையில் அவை தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் கூடைக்குள், காய்கறித் தோலுக்கு நடுவே விழுகின்றன. அந்தப் பணியாளரின் கையுறை துணியாலானது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளை மூடியிட்டுச் சேர்த்து வைத்து, நிரம்பியதும் அடையாளம் எழுதித் தனியே கொடுப்பது எந்த வீட்டுக்கும் இயலக் கூடியது. யாரிடம் கொடுப்பது என்பதற்கும் அந்த 2016 திடக்கழிவு விதிகளில் விடை இருந்தது: உள்ளாட்சி அமைப்பு 20 சதுர கிலோமீட்டருக்கு அல்லது அதன் பகுதிக்கு ஒன்று வீதம் வீட்டு அபாயக் கழிவைப் பெறும் மையம் அமைத்து, அது திறந்திருக்கும் நேரத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றன அவை. அந்தக் கணக்கில் சிதம்பரம் நகராட்சிக்கு ஒரு மையம் போதும். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்.